மறுகா

அக்கரைப்பற்றில் பஸ் மாறி
அம்பாறைக்கு மூன்றாம் தரம் போகிறேன்.
காரைதீவுச் சந்தியில் கிறுகி
சம்மாந்துறை வட்டைக்குள்ளால் ஓடும்போது
மடியில் ஒரு பிளாஸ்ரிக் உறை.
அடையாள அட்டைப் பிரதி,
வழக்கிலக்கம் எழுதின துண்டு,
வாந்திக்கு ஒரு தேசிக்காய்.

எனக்கு வேண்டியது ஒரு சொல்.
கடதாசியில் அது என்னவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வருசத்துக்கு முந்தி
மூன்றாம் சாட்சி வேலாப்போடி யோகம்மா
கூண்டில் ஏறித் தமிழில் சொன்னாள்.
முதலியார் சிங்களத்தில் சொன்னார்.
காலாட்டியபடி இருந்த ஒரு பெட்டை
அதைத் தட்டச்சில் அடித்தாள்.
என் வாயிலிருந்து கடதாசிக்குப் போகவும்
இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது.

"டிப்பர் லைற் போடாம வந்த.
தம்பி சைக்கிள ஓரத்துக்கு எடுத்தான்.
மறுகா வந்து அடிச்ச."

முதலியார் நல்ல மனிசன், வவுனியாப் பக்கம்.
'மறுகா'வில் கொஞ்சம் நின்றார்.
நான் கண்டேன்.
தொண்டையைச் செருமினார்.
என்னிடம் கேட்கவில்லை.

தீர்ப்பன்று
சட்டத்தரணி வாகை மரத்தடியில் வைத்து விளங்கப்படுத்தினார்:
டிப்பர் திரும்பவும் வந்து மோதியதாகச் சாட்சி சொல்கிறா,
உடம்பிலோ ஒரேயொரு மோதலின் காயம்,
ஆகையினால் சாட்சியை நம்ப இடமில்லை.
சாரதி புதுச் சேட்டோடு
படியிறங்கிப் போனான்.

சோத்தத் தின், மறுகா படி.
மழை விடட்டும், மறுகா போவம்.
எங்கட பக்கம் மறுகா என்றால் பிறகு.
திரும்பவும் என்றும் சொல்வோம்தான்,
பொய் சொல்லப்படாது.
ஆனால் அன்று விடிய, இடியப்பத் தட்டோடு
சந்தியில் நின்றவள் நான்.
எந்த மறுகா என்று
எனக்குத் தெரியாதா?

முதல் தரம் போனபோது
பதிவறைக் கிளாக் இனோகா
பாதித் தமிழில் சொன்னாள்:
வழக்கு அரசாங்கத்துக்கும் அந்த ஆளுக்கும், அம்மா.
நீங்க சாட்சி மட்டும்.
ஏடு கோட்டுக்குச் சொந்தம்.

குணநேசன்?
அவன் செத்தவன்,
அவன் பேரில் விண்ணப்பம் எடுக்கமாட்டார்கள்.

இரண்டாம் தரம்,
லோயரைக் கொண்டு மோஷன் போடுங்க,
பக்கத்துக்கு இவ்வளவு காசு, முத்திரை வேற.
அப்போதுதான் அறிந்தேன்,
சாரதி காசு கட்டி எல்லாம் எடுத்துவிட்டானாம்.
அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது.
அவன் வீட்டு அலுமாரியில்
நான் அழுத இடம், தண்ணி கேட்ட இடம்
எல்லாம் பக்க இலக்கத்தோடு கிடக்கிறது.
என் தொண்டையில் மட்டும்
பிரதி இல்லாமல்.

இன்று மத்தியானம்
பெரியவர் சாப்பிடப் போன நேரம்
இனோகா கட்டை அவிழ்த்தாள்.
பேனை எடுக்க வேணாம், போன் எடுக்க வேணாம்,
சும்மா பாருங்க.

பார்த்தேன்.
அப்பச் சட்டிக்குள் சுழற்றிவிட்ட மாவைப்போல
வட்டம் வட்டமாக நான்.
டிப்பரின் இலக்கத்தை மட்டும் வாசிக்க முடிந்தது.
நகப்பூச்சு உரிந்த விரல்
வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.
"நெவத."
அப்படியென்டா?
"திரும்ப. இன்னொருக்கா."

இல்லை மகள், அது பிறகு, என்றேன்.
அவள் என்னையும் பார்த்தாள், ஏட்டையும் பார்த்தாள்.
"இதில நான் ஒண்டும் திருத்த ஏலாது அம்மா."
அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.
கட்டை முன்னிருந்ததைவிட இறுக்கிக் கட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம்.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
கொண்டக்டர், சம்மாந்துறைப் பொடியன்,
ரிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டு
"மிச்சம் மறுகா தாறன் ராத்தா" என்றான்.

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து ஆசனத்தில் இருந்த மனிசி,
தூங்கி எழும்பின பிள்ளை,
மிதிபலகையில் தொங்கிய பொடியன்கள்,
ஒருவரும் அவனிடம்
அப்படியென்டால் என்ன என்று கேட்கவில்லை.